24 பாகை டீப்-வி படகு: ஓடும்போது உறுதி, நின்றால் ஆட்டம். ஏன்?

அலைவிளிம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கிறேன். ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் மீன்பிடிக்கச் செல்வதற்காக, ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு படகுகளைக் கடலில் ஓட்டிப் பார்த்தேன். முதலாவது கண்ணாடியிழையால் ஆனது. அதன் டெட்ரைஸ், அதாவது படகின் அடிப்பலகை கிடைமட்டத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம், பின்பலகையில் 24 பாகை; இப்படி அடிப்பகுதி ஆழமான V வடிவில் இருப்பதைத்தான் டீப்-வி என்கிறார்கள். இரண்டாவது அலுமினியப் படகு. அதற்கு 14 பாகைதான். அகலத்திலும் எடையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பிற்பகலில் இங்கே வீசும் தென்மேற்குக் கடற்காற்றில் எழும் குறுகிய அலைகளை 24 பாகைப் படகு வெட்டிக்கொண்டு போன விதம் மிகவும் பிடித்திருந்தது. அலுமினியப் படகில் அதே அலைகள் முதுகெலும்பு வரை உலுக்கின. ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட நின்றதும் நிலைமை தலைகீழாயிற்று. இருவர் ஒரே பக்கம் வந்து நின்றாலே டீப்-வி படகு சரிந்தது. பக்கவாட்டில் அலை வந்தபோது நெடுநேரம் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு மூன்று ஐயங்கள்.

இந்த ஆட்டம் ஆபத்தின் அறிகுறியா, அல்லது வெறும் வசதிக் குறைவா?

ஏறத்தாழ 30 நாட் வேகத்தில் வடமேற்கு நோக்கி ஓடியபோது காற்று இடப்பக்கத்திலிருந்து வீசியது. காற்று தள்ளும் திசையில், அதாவது வலப்பக்கமாக, படகு சாயும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ காற்று வரும் பக்கமாகவே சாய்ந்து ஓடியது. இது எப்படி?

"V ஆழமாக ஆக ஈர்ப்பு மையம் தாழும், ஆகவே நிலைத்தன்மை கூடும்" என்று படகுத்துறையில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். நான் கண்டதற்கு நேர்மாறாக இருக்கிறதே, அது சரிதானா?

ஏராக்கட்டை எழுதியது:

வணக்கம். மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத் தீர்த்துவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

டீப்-வி வடிவம் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதில்லை. ஏராவிலிருந்து, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கோட்டிலிருந்து அளந்து பார்த்தால், V ஆழமாக ஆக உட்தளம் உயரவே செய்கிறது. ஏனெனில் தளத்தில் விழும் நீர் தானாக வெளியே வடிய வேண்டுமானால் அது கடல்மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். ஆட்கள், பனிப்பெட்டி, இருக்கைகள் எல்லாமே அந்தத் தளத்தின் மேல்தான் அமர்கின்றன. கீழே கூராக இறங்கும் பகுதியில் எரிபொருள் தொட்டி இருக்கலாம். அதன் பயனும் தொட்டி காலியாகும்போது போய்விடும்.

நிற்கும் படகின் தொடக்க நிலைத்தன்மையை முடிவு செய்வது பெரும்பாலும் நீர்மட்டத்தில் அதற்குக் கிடைக்கும் அகலம். எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். அணியம், அதாவது படகின் முன்முனை, கூராவதைக் கணக்கில் எடுக்காமல், முழு நீளத்துக்கும் ஒரே குறுக்குவெட்டு கொண்ட இரண்டு உடல்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் சைன், அதாவது அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பு, இருக்கும் இடத்தில் அகலம் 2.4 மீட்டர், நீருக்குள் மூழ்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 0.5 சதுர மீட்டர். நீர்மட்ட நீளம் 6 மீட்டர் என்றால் எடை ஏறத்தாழ 3 டன்.

24 பாகை உடலில் நீர்மட்டம் சைனைத் தொடாமல் அதற்கு 6 சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிடுகிறது. எனவே நீரில் அமர்ந்திருக்கும் அகலம் 2.12 மீட்டர் மட்டுமே. 14 பாகை உடலிலோ சைன் 6 சென்டிமீட்டர் மூழ்கி, 2.4 மீட்டர் அகலமும் முழுமையாக நீரில் இருக்கிறது. 28 சென்டிமீட்டர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மிதப்பு மையத்துக்கு (மூழ்கிய பகுதியின் நடுப்புள்ளிக்கு) மேல் மெட்டாசென்டர் (படகு சற்றே சாயும்போது மிதப்பு விசை மேல்நோக்கிச் செல்லும் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) எவ்வளவு உயரத்தில் அமைகிறது என்பது, மூழ்கிய கன அளவு சமமாக இருக்கும்போது, நீர்மட்ட அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே அந்த உயரம் டீப்-வி உடலில் 1.59 மீட்டர், மற்றதில் 2.30 மீட்டர். ஏராவிலிருந்து கணக்கிட்டால் மெட்டாசென்டர் முறையே 1.90, 2.54 மீட்டரில் அமைகிறது. இரண்டிலும் ஈர்ப்பு மையம் 0.9 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால், ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள இடைவெளி டீப்-வி உடலில் 1.0 மீட்டர், 14 பாகை உடலில் 1.64 மீட்டர். சிறு சாய்வுகளில் படகை நிமிர்த்தும் வலிமை இந்த இடைவெளிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், டீப்-வி படகு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வலிமையை இழந்துவிடுகிறது. நீங்கள் கண்டது இதைத்தான்.

இனி ஆபத்து பற்றி. இருவர், மொத்தம் 160 கிலோ, நடுக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றால் டீப்-வி உடல் ஏறத்தாழ 2.7 பாகை சரியும், மற்றது 1.6 பாகை. நால்வர் நின்றால் 5 பாகையை ஒட்டியும் 3 பாகையைச் சற்றுத் தாண்டியும் இருக்கும். காலுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்; கவிழ்வதற்கும் இதற்கும் வெகுதூரம். பெருஞ்சாய்வில் படகு மீளுமா என்பதைப் பக்கப்பலகையின் உயரம், தளத்தில் ஏறிய நீர் வெளியேறும் வேகம், எஞ்சின் அமைந்த பின்பலகையின் வெட்டு எவ்வளவு தாழ்வாக உள்ளது ஆகியவைதாம் தீர்மானிக்கின்றன. நிற்கையில் அசையாமல் இருக்கும் தட்டையான படகு, தளத்தில் ஒரு சாண் நீர் நின்றால் எவ்வளவு விரைவாக நிலைகுலையும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆட்டம் நீடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்கண்ட எண்களைக் கொண்டு பக்கவாட்டு ஆட்டத்தின் இயல்பான காலத்தைத் தோராயமாகக் கணக்கிட்டால், 14 பாகை உடலுக்கு 1.6 விநாடியும் 24 பாகை உடலுக்கு 2.1 விநாடியும் வருகின்றன. உள்ளூர்க் காற்றால் எழும் குறுகிய அலைகள் 2 முதல் 4 விநாடிக்கு ஒருமுறை வருவது வழக்கம். டீப்-வி படகின் இயல்பான காலம் அந்த எல்லைக்குள் விழுவதால், ஒவ்வொரு அலையும் முந்தைய ஆட்டத்துக்கு மேலும் சிறிது ஊட்டிவிடுகிறது.

தெற்குக் கரை எழுதியது:

நண்பர் ஏராக்கட்டை நிற்கும் நிலையைத் தெளிவாக விளக்கிவிட்டார். அவருடைய கணக்கு முழுவதும் படகு மிதக்கும்போது மட்டுமே பொருந்தும் என்பதை நினைவில் வைத்தால், இரண்டாம் கேள்வி எளிதாகிவிடும். 30 நாட் வேகத்தில் உங்கள் படகின் எடையில் மிகச் சிறு பகுதியை மட்டுமே மிதப்பு விசை தாங்குகிறது. மீதி முழுவதையும் அடிப்பலகையில் மோதி விலகும் நீரின் அழுத்தம் தாங்குகிறது. அதனால் சாய்வையும் நிமிர்வையும் முடிவு செய்யும் விசைகளும் வேறாகிவிடுகின்றன.

காற்று படகை நேரடியாகச் சாய்ப்பதைவிட அதன் அணியத்தைத் திருப்பிவிடுவதே அதிகம். ஓடும்போது அணியம் உயர்ந்து நீரைவிட்டு வெளியே இருக்கிறது. பின்பகுதி மட்டும் நீரைப் பற்றியிருக்கிறது. இடப்பக்கக் காற்று அணியத்தை வலப்பக்கம் தள்ள, திசை மாறாமலிருக்க நீங்கள் சுக்கானை இடப்பக்கம் சற்றே திருப்பிப் பிடிக்கிறீர்கள். அறியாமலேயே இதைச் செய்திருப்பீர்கள். அப்போது அவுட்போர்டு எஞ்சினின் விசிறி, படகின் பின்பகுதியை வலப்பக்கமாகத் தள்ளுகிறது. அந்த விசை செயற்படும் இடம் ஈர்ப்பு மையத்துக்கு வெகு கீழே இருக்கிறது. அடியில் வலப்பக்கம் தள்ளினால் மேற்பகுதி இடப்பக்கம், அதாவது காற்று வரும் பக்கம் சாயும். வளைவில் திரும்பும்போது படகு உட்புறமாகச் சாய்வதும் இதே காரணத்தால்தான்.

இதனுடன் எஞ்சினின் எதிர்த்திருப்பமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான ஒற்றை எஞ்சின்களில் விசிறி, பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரமுள் திசையில் சுற்றும். அதன் எதிர்விளைவாகப் படகு இடப்பக்கம் சாய முனையும். பல படகுகளில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பது இந்தச் சாய்வைச் சமன்செய்யவும் உதவுகிறது. உங்கள் பயணத்தில் காற்றும் இடப்பக்கம், எதிர்த்திருப்பமும் இடப்பக்கம். இரண்டும் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டன. திரும்பி வரும்போது காற்று வலப்பக்கமாக அமைந்திருந்தால் சாய்வு குறைந்திருக்கும். தாழ்ந்த பக்கத்து ட்ரிம் டேப்பை, உங்கள் நிலையில் இடப்பக்கத்தை, சிறிது இறக்கினால் அந்தப் பக்கத்துப் பின்பகுதி உயர்ந்து படகு நேராகிவிடும். பின்பலகையின் அடியில் இருக்கும் இந்தச் சிறு தகடுகள் இல்லாத டீப்-வி படகை நான் வாங்கமாட்டேன்.

14 பாகைப் படகில் இதே விசைகள் இருந்தும் சாய்வு அவ்வளவாகத் தெரியாது. அது பரந்த அடிப்பரப்பின்மேல் ஓடுகிறது. டீப்-வி படகு வேகம் கூடக்கூட மேலே எழுந்து, ஏராவை ஒட்டிய ஒடுங்கிய பகுதியின்மேல் மட்டும் ஓடத் தொடங்கும். மிக அதிக வேகத்தில் இதுவே ஒரு சைனிலிருந்து மற்றொரு சைனுக்கு மாறிமாறிச் சாயும் ஆட்டமாகிவிடுவதுண்டு. பந்தயப் படகோட்டிகள் இதைச் சைன் வாக்கிங் என்பார்கள். சுக்கான் இணைப்பில் சிறு தளர்ச்சி இருந்தாலும் இது முன்கூட்டியே தொடங்கிவிடும். மீன்பிடிப் படகின் வேகத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பழைய படகாதலால், சோதனை ஓட்டத்துக்கு முன் எஞ்சினைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

நெடுந்துறை எழுதியது:

நல்ல விளக்கங்கள். இருப்பினும் பேச்சு முழுவதும் 24, 14 என்ற இரண்டு எண்களைச் சுற்றியே வருவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. டெட்ரைஸ் கோணத்தை விற்பனை விளம்பரங்கள் மிகைப்படுத்தியதில் அதற்குத் தகுதிக்கு மீறிய மதிப்பு வந்துவிட்டது.

இந்த வடிவத்தின் வரலாற்றைப் பாருங்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹண்ட் 1950களில் உருவாக்கிய 23 அடிப் படகை, 1958இல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயத்தின் தகுதிப் போட்டிகள் நடந்தபோது அமெரிக்கப் படகோட்டி டிக் பெர்ட்ரம் கண்டார். அலை கிளம்பிய கடலில் மற்ற எஞ்சின் படகுகள் வேகத்தைக் குறைக்க, அது மட்டும் பாய்ந்து சென்றது. அதே வடிவில் தமக்கு ஒரு பெரிய படகை வரையச் சொன்ன பெர்ட்ரம், அதற்குத் தம் மனைவியின் செல்லப்பெயரான மொப்பி என்பதையே இட்டார். 1960இல் நடந்த மயாமி–நசாவ் பந்தயத்தில், கடுங்காற்றும் உயர்ந்த அலைகளும் இருந்த நாளில், மொப்பி ஏறத்தாழ 8 மணி நேரத்தில் நசாவை அடைந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹண்டின் 23 அடிப் படகுதான். மற்றவை மறுநாள்தான் வந்து சேர்ந்தன. கண்ணாடியிழையில் வார்க்கப்பட்ட பெர்ட்ரம் 31 அந்த வெற்றியிலிருந்து பிறந்தது. அலைகளை எதிர்த்து ஓடுவதில் அதற்கு நிகரில்லை என்று போற்றிய அதே படகோட்டிகள், எஞ்சினை நிறுத்தி மிதக்கும்போது அது அதிகம் உருளும் என்றும் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள். உங்கள் அனுபவம் அறுபது ஆண்டுப் பழையது!

ஹண்ட் செய்ததில் முக்கியமானது கோணத்தின் அளவு மட்டுமன்று. அதற்கு முந்தைய விரைவுப் படகுகளில் அணியம் கூராகவும் பின்பகுதி தட்டையாகவும் இருக்கும்; அடிப்பலகை முறுக்கிய பலகைபோல் அமையும். பின்னாலிருந்து அலை துரத்தும்போது தட்டையான பின்பகுதி உயர்ந்து, கூரான அணியம் நீரில் புதைந்து, படகு தானாகக் குறுக்கே திரும்பிவிடும். ஹண்ட் கோணத்தை நடுப்பகுதியிலிருந்து பின்பலகை வரை ஏறத்தாழ மாறாமல் வைத்தார். அதனால் முன்னும் பின்னும் நீரைப் பற்றும் வலிமையில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இல்லாமற்போயிற்று. அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரேக் என்ற பட்டைகளையும் சேர்த்தார். அவை நீரை வெளியே தெறிக்கச் செய்து, V வடிவம் இழக்கும் தூக்குவிசையில் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றன; நிற்கும்போது ஆட்டத்தையும் சிறிதளவு தணிக்கின்றன.

இழப்பு எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். டேனியல் சாவிட்ஸ்கி 1964இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, தட்டையான அடிப்பலகைக்குத் தூக்குவிசைக் கெழு (நீர் படகை மேலே தூக்கும் விசையின் அளவைக் காட்டும் எண்) 0.10 என்றால், அதே அகலமும் அதே ஓட்டக் கோணமும் (ஓடும்போது அணியம் உயர்ந்து படகு நீர்மட்டத்தோடு சாயும் கோணம்) உள்ள 24 பாகை V அடிப்பலகைக்கு அது ஏறத்தாழ 0.06 ஆகக் குறைகிறது. எரிபொருள் செலவு கூடுவதற்கும், படகு நீரின்மேல் எழ அதிக வேகம் தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

அலைமோதலுக்கு வருவோம். சாவிட்ஸ்கியும் பிரவுனும் 1976இல் தந்த வாய்பாட்டில், படகின் நடுவில் உணரப்படும் செங்குத்து அதிர்வு டெட்ரைஸ் கூடக்கூடக் குறைகிறது. 14 பாகையிலிருந்து 24க்குப் போனால், பிற அனைத்தும் சமமாக இருக்கும்போது, ஏறத்தாழ 28 விழுக்காடு குறையும். ஆனால் அதே வாய்பாட்டில் ஓட்டக் கோணமும் நேர்விகிதத்தில் இருக்கிறது. அணியத்தை 4 பாகை உயர்த்தி ஓட்டுபவர், ட்ரிம் டேப்புகளை இறக்கி 3 பாகைக்குக் கொண்டுவந்தால் 25 விழுக்காடு குறைந்துவிடும். நீங்கள் அலுமினியப் படகை ஓட்டியபோது அணியம் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று கவனித்தீர்களா? அணியத்தைத் தாழ்த்தி, கூரான முன்பகுதியை அலைக்குக் கொடுத்து மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அந்தப் படகைத் தள்ளிவிடுவது அவசரம் என்பேன். பின்னலையில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. அப்போது அணியம் உயர்ந்தே இருக்க வேண்டும்.

அலைவிளிம்பு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அலுமினியப் படகில் ட்ரிம் டேப்புகள் இல்லை. அணியம் நன்றாகவே உயர்ந்திருந்தது. நெடுந்துறை ஐயா சொன்னபடி எஞ்சினின் சாய்வையாவது உள்நோக்கி மாற்றி மீண்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகளைக் கேட்க வேண்டும். இங்கே விற்கப்படும் சில டீப்-வி படகுகளில் ஏராவை ஒட்டி ஒரு நீள்வெளி இருக்கிறது. படகு நிற்கும்போது பின்பலகையிலுள்ள திறப்பு வழியாகக் கடல்நீர் தானாக உள்ளே நிறைந்து, ஓடத் தொடங்கியதும் வடிந்துவிடுகிறது. கீழே 300 லிட்டர் நீர் பளுவாக இருப்பதால் படகு ஆடாது என்கிறார்கள். இது உண்மையில் பயன் தருமா? அடுத்து, நான் பார்த்த 24 பாகைப் படகில் பழைய இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துவிட்டு, அதைவிடக் கனமான நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள். அது நிலைத்தன்மையைப் பாதிக்குமா?

ஏராக்கட்டை எழுதியது:

பயன் தரும். ஆனால் காரணம் அவர்கள் சொல்வதன்று. கடலோடு திறந்த தொடர்பில் உள்ள நீர், கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை, கூடுதல் பளுவாகச் செயற்படுவதில்லை. அந்த இடம் படகின் மிதப்பிலிருந்து கழிந்துவிட்டது என்று பார்ப்பதே சரி. மிதப்பை இழந்த படகு சற்று ஆழமாக இறங்குகிறது. இறங்கியதும் நீர்மட்ட அகலம் கூடுகிறது. என் பழைய கணக்கிலேயே 300 லிட்டரைப் போட்டுப் பார்த்தேன். நீர்மட்ட அகலம் 2.12 மீட்டரிலிருந்து 2.22 ஆகிறது, சைனுக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி 6 சென்டிமீட்டரிலிருந்து 4 ஆகக் குறைகிறது, ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடைவெளி 1.0 மீட்டரிலிருந்து 1.28 ஆக உயர்கிறது. நிமிர்த்தும் வலிமை கால் பங்குக்கும் மேல் கூடுகிறது என்பது கணிசமான ஆதாயம். அத்துடன் உள்ளே அடைபட்ட நீரும் படகுடன் சேர்ந்து ஆட வேண்டியிருப்பதால், சிறு அலைகளுக்கு அது உடனுக்குடன் துள்ளுவதில்லை. இருந்தாலும் 14 பாகைப் படகின் 1.64 மீட்டரை அது எட்டவில்லை என்பதையும் பாருங்கள்.

சைன் விளிம்பில் 10 அல்லது 15 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டையான பட்டை வைத்து, நிற்கும்போதே அது நீரைத் தொடும்படி வடிவமைத்தால், தண்ணீர்த் தொட்டி இல்லாமலே இதற்கு ஒப்பான பயனைப் பெறலாம். நீங்கள் பார்த்த படகில் அந்தப் பட்டை இருக்கிறதா, எரிபொருளும் ஆட்களும் ஏறிய பிறகு அது நீரைத் தொடுகிறதா என்று துறையில் நின்று பாருங்கள். எரிபொருள் தொட்டி காலியாகவும் படகில் ஒருவர் மட்டுமாகவும் இருக்கும்போது பார்த்து முடிவெடுத்தால் தவறான எண்ணமே கிடைக்கும்; இலேசான டீப்-வி படகுதான் அதிகம் ஆடும்.

எஞ்சின் மாற்றம் பக்கவாட்டு ஆட்டத்தைவிட நீளவாக்கு ஆட்டத்தையே அதிகம் பாதிக்கும். இன்றைய 200 குதிரைத்திறன் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் 200 கிலோவைத் தாண்டும். அந்த எடை முழுவதும் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்தால் ஓட்டக் கோணம் கூடும். அது ஓர் எல்லையைத் தாண்டியதும், தட்டையான நீரில்கூட அணியம் தாளகதியில் எழுந்து விழத் தொடங்கும். டெட்ரைஸ் அதிகமுள்ள உடல் இந்த எல்லையைச் சற்றுத் தாமதமாகவே தொடும் என்பது உங்களுக்குச் சாதகம். சோதனை ஓட்டத்தில் எஞ்சினின் சாய்வைச் சிறிது சிறிதாக வெளிநோக்கி மாற்றி, அந்தத் துள்ளல் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். சாய்வை நடுநிலையில் வைத்திருக்கும்போதே தொடங்கிவிட்டால், மின்கலங்களை முன்னால் மாற்றுவதற்கும் ட்ரிம் டேப்புகளுக்கும் ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். நிற்கும்போது பின்பலகையின் வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டனவா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்; அவை மூழ்கியிருந்தால் அந்தப் படகை இந்த எஞ்சினோடு வாங்க வேண்டாம்.